பிரிஸ்டல், 1984–1995: குழந்தைகள் இதய அறுவைப் பிரிவில் ஒரு புகார் போன வழி

டாக்டராக இருந்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு வந்தவர்கள் ஒரே ஒரு வழக்கை முழுதாகப் படிக்க வேண்டும் என்றால் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், நான் இங்கிலாந்தின் பிரிஸ்டலைத்தான் சொல்வேன். அங்கே குழந்தைகள் இதய அறுவையில் மற்ற மையங்களைவிட அதிகக் குழந்தைகள் இறந்தார்கள், எச்சரிக்கை வந்தும் பல வருடம் யாரும் நிறுத்தவில்லை. மோசமான டாக்டர்கள் சிலர் குழந்தைகளைக் கொன்றார்கள், ஒரு நல்ல டாக்டர் அதை வெளியே கொண்டுவந்தார் என்றுதான் இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அப்படிப் படித்தால் நிர்வாகத்தில் இருப்பவருக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது, ஏனென்றால் நம் மருத்துவமனையில் மோசமானவர்கள் யாரும் இல்லை என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் பொது ஆவணங்களில் இருக்கின்றன. இங்கே பதவியை வைத்து மட்டும் குறிப்பிடுகிறேன். பெயரைப் போட்டால் பேச்சு ஆளைப் பற்றித் திரும்பிவிடும், எனக்கு வேண்டியது புகார் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்பது.

பின்னணி

பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி 1735-இல் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் பழைய மருத்துவமனைகளில் ஒன்று, தென்மேற்கு இங்கிலாந்துக்கே பெரிய பெயர். 1984-இல் பிரிட்டிஷ் தேசிய சுகாதார சேவை ஒரு முடிவு எடுத்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையை ஊருக்கு ஊர் செய்ய வேண்டாம், ஒரு சில மையங்களில் மட்டும் செய்யலாம், அந்த மையங்களுக்கு மத்திய அரசே நேரடியாகப் பணம் தரும். முடிவில் தவறில்லை. இந்த வகை அறுவையில் அடிக்கடி செய்யும் கைக்குத்தான் திறமை நிற்கும்.

பிரிஸ்டலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஏற்கெனவே நிறைய குழந்தைகளுக்கு அறுவை நடந்துகொண்டிருந்தது என்பதற்காகச் சேர்க்கவில்லை. எண்ணிக்கை குறைவுதான். நாட்டின் அந்த மூலைக்கு ஒரு மையம் வேண்டும் என்ற பூகோளக் காரணம் முன்னால் நின்றது. பட்டியலில் சேர்த்தால் எண்ணிக்கை தானாகக் கூடும், கூடினால் தரமும் கூடும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்த்த அளவுக்கு எண்ணிக்கை கூடவில்லை. அதை வைத்துப் பட்டியலிலிருந்து எடுக்கவும் இல்லை.

கட்டட அமைப்பே ஒரு பிரச்சினை. இதயத்தைத் திறந்து செய்யும் அறுவைகள் ராயல் இன்ஃபர்மரியில் நடந்தன. குழந்தைகள் இதய நோய் நிபுணர்களோ கொஞ்ச தூரம் தள்ளி மேட்டில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தார்கள். ஆக, நோயைக் கண்டுபிடித்த டாக்டர் ஓர் இடத்தில், கத்தி பிடிப்பவர் இன்னோர் இடத்தில். அறுவை முடிந்த குழந்தை பெரியவர்களும் படுத்திருக்கும் ஐசியூவில் கண் விழிக்கும். குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ்கள் போதவில்லை. அறுவை மருத்துவர்கள் இருவர், இருவருமே பெரியவர்களுக்கும் அறுவை செய்தவர்கள், அவர்கள் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. இரவு இரண்டு மணிக்கு ஐசியூவில் ஒரு குழந்தையின் ரத்த அழுத்தம் சரிந்தால் யார் வந்து முடிவெடுப்பது என்பது அன்று யார் கையில் கிடைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

1991 ஏப்ரலில் மருத்துவமனை தன்னாட்சி பெற்ற டிரஸ்ட் ஆனது. தலைமைச் செயல் அதிகாரி ஒரு டாக்டர், கதிரியக்கத் துறையிலிருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். சிகிச்சை சம்பந்தமான விஷயத்தை டாக்டர்கள்தான் தீர்மானிக்க வேண்டும், நிர்வாகம் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1992-இல் மருத்துவ இயக்குநராக, அதாவது மருத்துவமனையின் டாக்டர்களுக்கெல்லாம் பொறுப்பானவராக, நியமிக்கப்பட்டவர் அந்த இரண்டு இதய அறுவை மருத்துவர்களில் மூத்தவர். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த எல்லாமே இதன் வழியாகத்தான் போனது.

கவனித்தது என்ன

1988-இல் லண்டனிலிருந்து ஒரு மயக்க மருத்துவர் பிரிஸ்டலுக்கு வேலைக்கு வந்தார். இதய அறுவையில் மயக்கம் கொடுத்துப் பழக்கம் உள்ளவர். அவர் கண்ணில் முதலில் பட்டது சாவு எண்ணிக்கையல்ல, கடிகாரம். லண்டனில் அவர் பார்த்த அதே வகை அறுவைக்கு இங்கே அதிக நேரம் பிடித்தது.

நேரம் ஏன் முக்கியம் என்றால், இதயத்தைத் திறக்க வேண்டுமானால் அதை நிறுத்த வேண்டும். அந்த நேரம் முழுவதும் ஒரு இயந்திரம் உடம்புக்கு ரத்தத்தைச் சுற்றவிடும், மகாதமனியைக் கிளிப் போட்டு அடைத்திருப்பதால் இதயத் தசைக்கு மட்டும் ரத்தம் போகாது. பெரியவர்களே நீண்ட நேரம் தாங்கமாட்டார்கள். மூன்று நான்கு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கு. தையல் அழகாகவே இருக்கலாம், இயந்திரத்திலிருந்து எடுத்த பிறகு இதயம் வேலை செய்ய மறுக்கும். அறுவை மருத்துவரின் கண்ணுக்கு அது அறுவை நன்றாக முடிந்து பிறகு ஏதோ ஆனதாகத் தெரியும். அவர் தலைமாட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மயக்க மருத்துவருக்கு வேறு மாதிரி தெரியும்.

இவர் மட்டும்தான் பார்த்தார் என்றில்லை. வேல்ஸ் பக்கத்து இதய நிபுணர்களிடமிருந்து 1980-களின் நடுவிலேயே அதிருப்தி கிளம்பியிருந்தது. நாடு முழுக்க இதய அறுவை முடிவுகளைத் தொகுக்கும் பதிவேடு ஒன்று இருந்தது, ஒவ்வொரு மையமும் வருடாவருடம் தன் எண்களை அனுப்பிவிட்டு நாட்டின் சராசரியைத் திரும்பப் பெறும். பிரிஸ்டல் டாக்டர்களின் கையிலும் அந்தத் தாள் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். பார்த்துவிட்டு, நம்மிடம் வரும் குழந்தைகள் அதிக சிக்கலானவர்கள், நம் எண்ணிக்கை குறைவு என்பதால் இரண்டு சாவு கூடினாலே விகிதம் எகிறிவிடுகிறது, இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறோம், அடுத்த வருடம் சரியாகும் என்று விளக்கம் கண்டுபிடித்தார்கள்.

இந்த விளக்கங்களை உடனே நையாண்டி செய்துவிட வேண்டாம். மூன்றிலும் உண்மை இருக்க வாய்ப்பு உண்டு. வருடத்துக்குப் பத்து அறுவை செய்யும் இடத்தில் மூன்று பேர் இறந்தால் அது துரதிர்ஷ்டமா, திறமைக்குறைவா என்று அந்த ஒரு வருடத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ஆனால் விளக்கம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள், விளக்கத்தைச் சொன்னவர்களே அறுவை செய்தவர்களாகவும் இருந்தார்கள்.

1990: கடிதம்

1990 ஆகஸ்டில் மயக்க மருத்துவர், பின்னாளில் தலைமைச் செயல் அதிகாரியான அன்றைய பொது மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தின் பொருள் வேறு, மருத்துவமனை டிரஸ்ட் ஆவதற்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த நேரம் அது, அதைப் பற்றியது. அதற்குள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இதய அறுவையில் இறப்பு விகிதம் அதிகமாக இருப்பதையும் சொல்லியிருந்தார்.

தலைமைச் செயல் அதிகாரி எண்ணை வரவழைத்துப் பார்க்கவில்லை. மயக்க மருத்துவர் பிற்பாடு சொன்ன சாட்சியத்தின்படி அவருக்குக் கிடைத்தது மூத்த அறுவை மருத்துவரின் கண்டிப்புதான், இப்படிப்பட்ட விஷயத்தை வெளி ஆட்களும் பார்க்கக்கூடிய கடிதத்தில் எழுதலாமா என்று. அதாவது யாருடைய பிரிவைப் பற்றிப் புகார் எழுதினாரோ அவரிடமே புகார் போய்ச் சேர்ந்தது. யாரும் சதி செய்ய வேண்டிய தேவையே இல்லை. இதய அறுவை பற்றி ஏதோ வந்திருக்கிறது, இதய அறுவைக்குப் பொறுப்பானவரிடம் அனுப்பு, அவ்வளவுதான். எந்த அலுவலகத்திலும் தபால் இப்படித்தான் பிரிக்கப்படும்.

அந்தக் கடிதத்தை நானே எழுதியிருந்தால் அடுத்து என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். நாளைக் காலை அதே ஆபரேஷன் தியேட்டரில் அதே அறுவை மருத்துவரின் எதிரே நிற்க வேண்டும்.

எண்களைச் சேர்த்தது

மயக்க மருத்துவர் அடுத்து எடுத்த முடிவு, உணர்வை விட்டுவிட்டு எண்ணோடு போவது. சக மருத்துவர் ஒருவரின் உதவியோடு பழைய பதிவேடுகளிலிருந்து குழந்தைகளின் அறுவைகளைத் தொகுத்து வகைவாரியாகப் பிரித்தார். சில வகைகளில் பிரிஸ்டலின் முடிவு மற்ற இடங்களைவிட மிக மோசமாக இருந்தது.

இந்தத் தொகுப்பை அறுவை மருத்துவர்களை உட்காரவைத்து மேசையில் போட்டு அவர் பேசவில்லை. தனியாகச் செய்தார், நம்பிக்கையானவர்களிடம் காட்டினார். ரகசிய ஆடிட் என்று பிறகு அதைக் குறை சொன்னார்கள். குறையில் கொஞ்சம் நியாயம் உண்டு, அறுவை செய்தவரிடம் காட்டாத கணக்கில் பிழை இருந்தால் யார் திருத்துவது? ஆனால் 1990-இல் வெளிப்படையாக எழுதியதற்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

அவர் பேசியவர்களின் வரிசையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தன் துறைப் பொறுப்பாளர், மயக்கவியல் பேராசிரியர், 1992-இல் புதிதாக வந்த இதய அறுவைப் பேராசிரியர். அதே வருடம் பிரைவேட் ஐ என்ற நையாண்டிப் பத்திரிகையில் பிரிஸ்டலின் குழந்தை இதய அறுவை பற்றிச் செய்தி வந்தது. ஊரறிய அச்சாகிய விஷயம் அது. மருத்துவமனை அதைக் கெட்ட பெயர் விவகாரமாகப் பார்த்தது, விசாரிக்க வேண்டிய தகவலாகப் பார்க்கவில்லை.

1994 ஜூலையில் நடந்ததை நான் எத்தனை முறை படித்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறேன். லண்டனில் உள்ள அரசு சுகாதாரத் துறையின் மூத்த மருத்துவ அதிகாரி ஒருவர் வேறு ஒரு கூட்டத்துக்காக பிரிஸ்டல் வந்தார். திரும்பிப் போகும்போது மயக்க மருத்துவர் அவரோடு டாக்ஸியில் ஏறி, போகும் வழியில் அந்த எண்கள் இருந்த உறையைக் கையில் கொடுத்தார். அதிகாரி உறையைத் திறந்து படிக்கவில்லை, அலுவலகக் கோப்பில் வைத்துவிட்டார். இதய அறுவைப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். நடவடிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம், குழந்தைகளுக்கென்றே புதிய அறுவை மருத்துவர் வருகிறார் என்ற பதில் வந்ததும் திருப்திப்பட்டுக்கொண்டார். ஓர் அதிகாரி ஏன் அந்த உறையைத் திறக்கமாட்டார்? திறந்தால் பொறுப்பு அவர் தலையில் ஏறும். தரத்தைக் கண்காணிப்பது மருத்துவமனையின் வேலை என்று அரசுத் துறை நினைத்தது, அறுவை மருத்துவர்களின் தொழில் அமைப்பான ராயல் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று மருத்துவமனை நினைத்தது, பணம் கொடுப்பவர்கள் பார்ப்பார்கள் என்று கல்லூரி நினைத்தது. வெளிக் கண்காணிப்பு பலவீனமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று பின்னாளில் விசாரணை அறிக்கை எழுதியது இதைத்தான்.

தமனி மாற்று அறுவை, இரண்டு ஊர்கள்

சில குழந்தைகள் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பிறக்கிறார்கள். நுரையீரலுக்குப் போக வேண்டியது உடம்புக்கும், உடம்புக்குப் போக வேண்டியது நுரையீரலுக்கும் போகும். இரண்டையும் வெட்டி இடம் மாற்றித் தைப்பதுதான் தமனி மாற்று அறுவை. பெரிய குழாய்களைத் தைப்பதைவிடக் கடினமான பகுதி, இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி நாளங்களைப் பெயர்த்து எடுத்துப் புதிய இடத்தில் பொருத்துவது. பிறந்த குழந்தையில் அவை ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான். லேசாக முறுக்கிக்கொண்டாலும் இதயம் நின்றுவிடும்.

பிரிஸ்டலில் இரண்டாவது அறுவை மருத்துவர் 1992-இல் இதைப் பச்சிளம் குழந்தைகளுக்குச் செய்யத் தொடங்கினார். முடிவுகள் மோசமாக இருந்ததால் பர்மிங்ஹாம் போய் அங்கே செய்பவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார். வந்த பிறகும் மாற்றமில்லை. 13 பச்சிளம் குழந்தைகளில் 9 பேர் இறந்த நிலையில் 1993 கடைசியில் அந்த வயதினருக்குச் செய்வதை நிறுத்தினார். கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்குச் செய்வதைத் தொடர்ந்தார்.

இதே காலத்தில் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதே அறுவையில் பெயர்பெற்ற ஒருவருக்கும் இப்படி ஒரு காலம் வந்தது. முதல் 52 குழந்தைகளில் ஒரே ஒரு சாவு. அதற்குப் பிறகு 16 குழந்தைகளுக்குள் 7 சாவுகள். அவர் தன் எண்களைத் தொடர் வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சாவுக்கும் கோடு மேலே ஏறும், இது வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்லக்கூடிய எல்லையை எந்த இடத்தில் தாண்டுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நல்ல முடிவுகள் உள்ள வேறொரு மையத்துக்குப் போய் மறுபயிற்சி எடுத்தார். அப்புறம் எல்லாவற்றையும் 1994-இல் தன் பெயரிலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற மருத்துவர் தன் கைத்தவறலைத் தானே அச்சில் போட்டார் என்பதால் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது.

பிரிஸ்டல்காரரும் கற்றுக்கொள்ளப் போனார், நிறுத்தவும் செய்தார் என்பதை மறந்துவிட்டு இரண்டு பேரையும் நல்லவர் கெட்டவர் என்று பிரித்துவிட முடியாது. என் பார்வையில் வித்தியாசம் சுற்றுச்சூழலில் இருந்தது. ஒருவர் புகழின் உச்சியில், நிறைய அறுவைகள் நடக்கும் இடத்தில், தோல்வியைச் சொன்னாலும் நாற்காலி ஆடாத நிலையில் இருந்தார். மற்றவர் எண்ணிக்கை குறைந்த, ஏற்கெனவே கேள்விக்குள்ளான ஒரு பிரிவில், தன் மூத்தவரே மருத்துவ இயக்குநராக இருக்கும் இடத்தில் இருந்தார். நிறுத்து என்று அவருக்குச் சொல்ல வேண்டிய பதவியில் இருந்தவரின் சொந்த முடிவுகளே கேள்விக்குரியவை. மூத்தவர் இதயத்தின் நடுச்சுவர்க் குறைபாட்டைச் சரிசெய்யும் ஒரு வகை அறுவையை 15 குழந்தைகளுக்குச் செய்ததில் 9 பேர் இறந்திருந்தார்கள்.

1995 ஜனவரி 11, இரவு

புதிய அறுவை மருத்துவர் மெல்போர்னிலிருந்து சில மாதங்களில் வரப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் 18 மாதக் குழந்தை ஒன்றுக்குத் தமனி மாற்று அறுவை ஜனவரி 12-க்கு வைக்கப்பட்டது. மயக்க மருத்துவர் வேண்டாம் என்றார். இதய அறுவைப் பேராசிரியரும் வேண்டாம் என்றார். டாக்ஸியில் உறை வாங்கிய அதே சுகாதாரத் துறை அதிகாரி லண்டனிலிருந்து தலைமைச் செயல் அதிகாரிக்குப் போன் செய்து தன் கவலையைச் சொன்னார். தலைமைச் செயல் அதிகாரியின் நிலைப்பாடு மாறவில்லை: இது சிகிச்சை சம்பந்தமான முடிவு, டாக்டர்கள் கூடித் தீர்மானிக்கட்டும்.

முந்தைய நாள் மாலை அறுவை மருத்துவர்கள், இதய நிபுணர்கள், மயக்க மருத்துவர்கள் கூடினார்கள். அறுவை செய்யவிருந்தவரின் எண்கள் பார்க்கப்பட்டன. பச்சிளம் குழந்தைகளின் முடிவைத் தள்ளிவைத்து, வளர்ந்த குழந்தைகளின் முடிவை மட்டும் எடுத்துப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. இந்தக் குழந்தைக்கு அறுவை தேவையா? தேவை. செய்யலாமா? செய்யலாம். ஒருவர் மட்டும் எதிர்த்தார், கடிதம் எழுதிய அந்த மயக்க மருத்துவர்.

அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்வி, இந்த அறுவை இந்தக் குழந்தைக்குச் சரியா என்பது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இதை நாளைக் காலை இங்கேதான், இவர்தான் செய்ய வேண்டுமா என்பது. அன்றிரவே செய்தாக வேண்டிய அவசரநிலை இல்லை. வேறு மையத்துக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், பல வருடம் கூடவே வேலை செய்தவரின் முகத்துக்கு நேரே உன்மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்வதாகும். எல்லோரும் கூடியிருக்கும் கூட்டத்தில் அதை யார் சொல்வார்கள்?

இப்படி ஒரு கூட்டம் நடந்தது என்பதே பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. மறுநாள் அறுவை நடந்தது. குழந்தை இறந்தது.

தொடர்ந்து நடந்தவை

1995 பிப்ரவரியில் வெளியிலிருந்து இரண்டு நிபுணர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டார்கள். அதில் ஒருவர், தன் ஏழு சாவுகளை எழுதி வெளியிட்ட அந்த லண்டன் அறுவை மருத்துவர். மே மாதம் புதிய அறுவை மருத்துவர் வந்தார். அதே வருட அக்டோபரில் குழந்தைகளின் இதய அறுவை முழுவதும் குழந்தைகள் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டது. பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருந்த இடமாற்றம் ஒரு சில மாதங்களில் நடந்தது.

மயக்க மருத்துவர் 1996-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். பிரிட்டனில் தனக்கு இனி வேலை அமையாது என்ற நிலையில்தான் போனார். மயக்க மருத்துவர்களின் ராயல் கல்லூரி அவருக்குப் பதக்கம் கொடுத்தது 2013-இல்.

டாக்டர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவக் கவுன்சில் 1997 அக்டோபரில் விசாரணையைத் தொடங்கி 1998 ஜூனில் முடித்தது. எடுத்துக்கொண்டது 53 அறுவைகள், அதில் 29 சாவுகள். மூத்த அறுவை மருத்துவரின் பெயரும் தலைமைச் செயல் அதிகாரியின் பெயரும் டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. இரண்டாவது அறுவை மருத்துவர் மூன்று வருடம் குழந்தைகளுக்கு அறுவை செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்டார்.

தலைமைச் செயல் அதிகாரி, இத்தகைய மேல்முறையீடுகளை அன்று கேட்ட உயர் நீதி அமைப்பான பிரிவி கவுன்சிலில் மேல்முறையீடு செய்தார். நான் நோயாளி யாரையும் தொடவில்லை, நிர்வாகியாகத்தான் இருந்தேன், நிர்வாகியாக நான் செய்ததற்கு டாக்டர் பட்டத்தை எப்படிப் பறிக்கலாம் என்பது வாதம். 1999-இல் தோற்றார். டாக்டராக இருப்பவர் நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்தாலும் நோயாளிகளின் பாதுகாப்பில் டாக்டருக்குள்ள கடமை அவரை விட்டுப் போகாது என்பது தீர்ப்பின் சாரம். நிர்வாகத்துக்கு வரும் டாக்டர்கள் இந்த ஒரு தீர்ப்பையாவது படித்துவிட்டு வர வேண்டும்.

1998-இல் அரசு அறிவித்த பொது விசாரணை, சட்டப் பேராசிரியர் இயன் கென்னடி தலைமையில் நடந்து 2001 ஜூலையில் அறிக்கை தந்தது. 198 பரிந்துரைகள். 1991 முதல் 1995 வரை, சராசரியான ஒரு மையத்தில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 குழந்தைகள் வரை அதிகமாக பிரிஸ்டலில் இறந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. யாரையும் வில்லனாகக் காட்டவில்லை, இவர்கள் அக்கறையும் உழைப்பும் உள்ளவர்கள் என்றே எழுதியது. அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிந்த கிளப் கலாச்சாரம் என்று அந்த மருத்துவமனையின் தலைமையை விவரித்தது. இறந்த குழந்தைகளின் இதயங்களைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்துவைத்திருந்தார்கள் என்பதும் விசாரணையின்போது வெளிவந்தது. அங்கே தொடங்கிய கோபம்தான் பிறகு 2004-இன் மனிதத் திசுச் சட்டம் வரை போனது.

முடிவைப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் திறந்த இதய அறுவையில் பிரிஸ்டலின் இறப்பு விகிதம் 1991–95-இல் 29 சதவீதம், 1999–2002-இல் 3 சதவீதம். அதே இடைவெளியில் இங்கிலாந்து முழுக்க 12 சதவீதத்திலிருந்து 4-க்கு வந்தது. ஆக முன்னேற்றத்தில் ஒரு பகுதி காலத்தால் எல்லா இடத்திலும் வந்தது. மிச்சம் பிரிஸ்டலில் ஆளும் இடமும் மாறியதால் வந்தது.

இன்று வேறு மாதிரி என்ன செய்யலாம்

பிரிட்டன் நிறையச் செய்தது. 1999-இன் சுகாதாரச் சட்டம் சிகிச்சைத் தரத்துக்கான பொறுப்பை முதன்முறையாக மருத்துவமனை டிரஸ்டுகளின் சட்டக் கடமை ஆக்கியது. இதய அறுவை மருத்துவர்களின் முடிவுகள் பொதுவெளிக்கு வந்தன. 2012 முதல் டாக்டர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் தங்கள் தகுதியை மறுபடி நிரூபிக்க வேண்டும்.

இவற்றில் முடிவுகளை ஆள்வாரியாக வெளியிடுவது பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. எண் வெளியே தெரியும் என்றால் ஆபத்தான கேஸை எடுக்கத் தயங்குவார்கள் என்று அறுவை மருத்துவர்கள் சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. பிரிஸ்டலில் பற்றாக்குறை எண்ணில் இல்லை. எண் பதிவேட்டில் இருந்தது, மயக்க மருத்துவர் பையில் இருந்தது, லண்டனில் கோப்புக்குள் உறையில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நிறுத்து என்று சொல்லும் அதிகாரமும், சொல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் ஒரே ஆளிடம் இருக்கவில்லை.

அதனால் நான் முதலில் மாற்றுவது நாற்காலிகளை. ஒரு பிரிவை நடத்துபவர் மருத்துவ இயக்குநராகவும் இருந்தால், அந்தப் பிரிவு பற்றிய புகார் அவரைத் தொடாமல் வேறு ஒருவரிடம் போக வழி எழுத்தில் இருக்க வேண்டும், அந்த ஆளின் பெயர் தியேட்டர் நர்ஸ் வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். சின்ன மருத்துவமனையில் அப்படி ஆள் இல்லையென்றால் வெளியூர் டாக்டர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், செலவு பெரிதில்லை. அடுத்து, அவசரமில்லாத அறுவையில் குழுவில் ஒருவர் தெளிவான காரணத்தோடு எதிர்த்தாலும் அன்றைக்கு நிற்க வேண்டும். பெரும்பான்மை பார்த்துத் தீர்மானிக்கும் விஷயமில்லை இது. வெளியிலிருந்து ஒருவர் பார்க்கும்வரை ஒத்திவைத்தால் போதும். எதிர்ப்பு வந்தது என்பது குடும்பத்துக்கும் தெரிய வேண்டும். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். 1995 ஜனவரியில் அந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் லண்டனுக்கோ பர்மிங்ஹாமுக்கோ போயிருப்பார்களா என்பதை முடிவு செய்யும் வாய்ப்பாவது அவர்களிடம் இருந்திருக்கும்.

இதெல்லாம் செய்துவிட்டால் தீர்ந்துவிடுமா என்றால், பிரிஸ்டலிலேயே பதில் இருக்கிறது. பின்னாளில் அதே ஊரின் குழந்தைகள் மருத்துவமனை இதய வார்டைப் பற்றிப் பெற்றோர் மறுபடி புகார் எழுப்பினார்கள். 2014-இல் தனி ஆய்வு ஒன்று அமைக்கப்பட்டு 2016 ஜூனில் அறிக்கை வந்தது. அறுவை முடிவுகள் இந்த முறை மற்ற மையங்களோடு ஒப்பிடும் அளவில்தான் இருந்தன. வார்டில் நர்ஸ்கள் போதாமல் இருந்ததும், புகார் சொன்ன குடும்பங்களிடம் மருத்துவமனை சரியாகப் பேசாததும் குறைகளாகப் பதிவாயின. மருத்துவமனை மன்னிப்புக் கேட்டது.